அயலும் நாமும்: லப்றடோர் நாய்களும் எங்கள் பயமும்



இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களிடம் முதலில் எது புதினமாக இருந்தது என்று கேட்டால் ஒருவர் குளிர் என்பார், இன்னொருவர் சொன்ன நிமிடத்தில் வந்து நிற்கும் புகையிரதம் என்பார். கொஞ்சம் மனம்விட்டுக் கதைத்தால் மூன்றாவதாக ஒன்றும் வரும்: நாய். கன்றுக்குட்டியளவு நாய்கள் ட்ராமில் ஏறுகின்றன, உணவகத்தில் மேசைக்குக் கீழே படுத்திருக்கின்றன, நடைபாதையில் எதிரே வருகின்றன. கண்டதும் நாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீதியின் மறுகரைக்குப் போய்விடுகிறோம். நாயோடு வருபவரோ, தன்னைக் கண்டுதான் இவர்கள் விலகுகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். பாஷை தெரியாத இடத்தில் இப்படியும் ஒரு மனஸ்தாபம் முளைக்கிறது. ஆகவே இம்முறை நாயைப் பற்றி, அதிலும் இங்கே நாம் அடிக்கடி காணும் லப்றடோர் நாயைப் பற்றி எழுத எண்ணினோம்.

எங்கள் பயம் பகிடிக்குரியதல்ல. அதற்கு வேர் உண்டு. ஊரில் நாய்க்கு வீட்டுக்குள் இடமில்லை. படலையடியிலோ அடுப்படிச் சாம்பலிலோ படுக்கும், மிஞ்சியதைத் தின்னும், வேற்றாள் வளவுக்குள் கால் வைத்தால் குரைக்கும். வீதியில் திரிவது கட்டாக்காலி. அது கடித்தால் விசர்நாயோ என்ற கலக்கம், ஆஸ்பத்திரி, ஊசி. போர்க்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நடுச்சாமத்தில் ஊர் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரைத்தால் யாரோ நடந்து வருகிறார்கள் என்று அர்த்தம். விளக்கை நூர்த்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவர்களுக்கு, இன்று மாடிப்படியில் ஒரு நாய் குரைத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தபோது, வளர்த்த நாயைப் படலையடியில் விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நாய் என்றதும் அவர்களுக்குப் பயத்தோடு வேறொரு வலியும் கிளறும்.

முதலில் விசர்நாய்ப் பயத்தைக் கவனிப்போம். சுவிசிலும் ஒரு காலத்தில் விசர்நோய் இருந்தது. இங்கே அதைக் காவி வந்தவை காட்டு நரிகள். 1978 இல் வலே கன்ரோனில், றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகள் தின்னும்படி போட்டார்கள். வெளியில் திரியும் மிருகங்களுக்கு இப்படி வாய்வழியாகத் தடுப்பு மருந்து கொடுத்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை. பல வருட முயற்சிக்குப் பின் 1999 இல் சுவிஸ் விசர்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இங்கே ஒரு வீட்டு நாய் கீறிவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், ஆனால் ஊரில் போல உயிர்ப்பயம் கொள்ளத் தேவையில்லை. ஊருக்கு விடுமுறையில் போகும்போது மட்டும் பழைய எச்சரிக்கை அப்படியே வேண்டும். இங்கே நாயைத் தடவிப் பழகிய பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கூட்டிப் போக வேண்டும்.

அதற்காக இங்குள்ள நாய்கள் கடிக்காது என்றில்லை. 2005 டிசம்பரில் சூரிச் கன்ரோனில் ஒபர்கிளாற் என்ற இடத்தில், பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனை நாய்கள் கடித்துக் கொன்றன. நாடே அதிர்ந்தது. அதன்பின் சட்டங்கள் இறுகின. 2008 இல் நாய் வளர்ப்போர் எல்லோரும் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும் என்ற விதி நாடு முழுவதற்கும் வந்தது. 2017 இலிருந்து அது நீக்கப்பட்டு, கன்ரோன்களின் பொறுப்பில் விடப்பட்டது. சூரிச் கன்ரோனில் 2025 ஜூன் முதல் சிறிய நாய், பெரிய நாய் என்ற பேதமின்றி வகுப்பு கட்டாயம். நாயை விட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனையில் நிற்கும் மனிதரை இந்தச் சட்டம் பள்ளிக்கு அனுப்புகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் நாம் சொல்ல வருவதும் அதுதான்.

இனி லப்றடோருக்கு வருவோம். பெயர் லப்றடோர் என்றாலும் இதன் மூதாதையர் கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவில் மீனவர்களோடு திரிந்த நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து வலைக்கயிற்றையும் தப்பிய மீனையும் கவ்வி வந்தவை. மீன் ஏற்றிய கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து, பிரபுக்களின் வேட்டைத் துணையாகின. 1903 இல் அங்குள்ள நாய்க் கழகம் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. ஊரில் 'நல்ல சாதி நாய்' என்றால் அல்சேசனைச் சொல்வோம். மனிதரைப் பிரித்துக் கெட்டுப்போன அந்தச் சொல் நாய்க்கும் வேண்டாம், இனம் என்றே சொல்வோம். அல்சேசன் காவலுக்கு நிற்கும். லப்றடோர் திருடனுக்கும் வாலாட்டும்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டுச் சுவிஸ் தம்பதியிடம் மூன்று லப்றடோர்கள் இருக்கின்றன. கறுப்புத் தாய், அதன் மஞ்சள் மகள், பின்னால் வந்து சேர்ந்த மண்ணிறக் குட்டி. கறுப்புக்கு மஞ்சள் பிறக்குமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். பிறக்கும். மஞ்சள் நிறம் தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்து, இரண்டும் ஒரு குட்டியில் சேர்ந்தால் வெளியே வரும். அந்த வீட்டு வாசலில் எந்நேரமும் சேறு. குட்டி வந்த மாதத்தில் இரண்டு சோடி சப்பாத்து, ஒரு கதிரைக் கால், தபாலில் வந்த ஒரு பில் எல்லாம் போய்விட்டன. மனுசி சிரித்துக்கொண்டே சொன்னா: "லப்றடோர் மூன்று வயது வரைக்கும் குழந்தைதான், உடம்புதான் முந்தி வளர்ந்துவிடும்." எங்கள் அம்மம்மாவோ முதல் மூன்று மாதமும் படியிறங்க மறுத்துவிட்டா. "ஐயோ பிள்ளை, உது பாயுமெல்லே!" என்பா. அது பாய்ந்தது உண்மைதான், நக்குவதற்கு.

அந்த வீட்டில் நாம் கண்ட பயிற்சி மிக எளியது. அடி இல்லை. கூச்சல் இல்லை. முள்ளுக் கழுத்துப்பட்டியும், மின்சாரம் பாய்ச்சும் பட்டியும் இந்த நாட்டில் தடை. நாய் பாய்ந்தால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரம்போல நிற்கும். நான்கு காலும் நிலத்தில் பட்டதும் ஒரு நல்ல சொல், ஒரு சின்னத் தீனி. பாய்ந்தால் ஒன்றும் கிடையாது, நின்றால் கிடைக்கும் என்பதை நாயே கணக்குப் போட்டுக்கொள்கிறது. இரண்டாவது விதி, ஒரு செயலுக்கு ஒரே சொல். எங்கள் வீடுகளில் இது கொஞ்சம் சிக்கல். தாய் 'இரு' என்பார், தகப்பன் 'உட்கார்' என்பார், பிள்ளை ஜேர்மன் மொழியில் சொல்லும். நாய் மூவரையும் பார்த்து முழிக்கும். தமிழில் சொன்னாலும் சரி, ஜேர்மனில் சொன்னாலும் சரி, வீடு முழுவதும் ஒரே சொல்லைச் சொன்னால் போதும். மூன்றாவது விதி, இன்றைக்கு விட்டுக்கொடுத்து நாளைக்கு ஏசக்கூடாது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாப்பாட்டில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 'சாப்பிட்டியோ' என்று கேட்பதுதானே எங்கள் பாசம். லப்றடோருக்கோ வயிறு நிறைந்தது தெரியாது. 2016 இல் கேம்பிறிஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கான ஒரு காரணத்தைக் கண்டார்கள்: பசியடங்கியதை உணர்த்தும் மரபணு ஒன்றின் ஒரு பகுதி ஏறத்தாழ நாலிலொரு லப்றடோரில் இல்லாமல் இருக்கிறது. பாவம் பார்த்து மேசையிலிருந்து போட்டால் அது கொழுத்து, மூட்டு வருத்தம் வந்து, இளவயதிலேயே நொண்டும். எங்கள் அடுப்படியில் எப்போதும் இருக்கும் வெங்காயம், உள்ளி, பொங்கலுக்குப் போடும் முந்திரிகை வற்றல், பிள்ளைகளின் சொக்கிலேற் எல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பக்கத்து வீட்டு நாய்க்கு அன்பாக எதையும் நீட்டுமுன் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும்.

இப்படி வளர்த்த லப்றடோர் என்ன செய்யும் என்பதைப் பார்க்க விரும்புபவர்கள் பாசலுக்குப் பக்கத்தில் அல்ஸ்வில் என்ற இடத்தை அறிந்திருக்க வேண்டும். கண்பார்வை இழந்தவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி 1972 முதல் அங்கே இயங்குகிறது. இந்த வேலைக்குச் சுவிசில் அதைவிடப் பழைய கதையும் உண்டு. வெவே நகரத்துக்கு மேலே மொன் பெலறான் மலையில் டொறத்தி ஹரிசன் யூஸ்ரிஸ் என்ற அமெரிக்கப் பெண் அல்சேசன் நாய்களை வளர்த்துப் பழக்கி வந்தார். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றி 1927 இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதைப்பற்றி அறிந்த மொறிஸ் பிராங் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் 1928 இல் இங்கே வந்து, பழகி, ஒரு நாயோடு நாடு திரும்பினார். அடுத்த வருடமே அமெரிக்காவில் இதற்கான பள்ளி தொடங்கியது. அந்நாளில் அல்சேசன் செய்த வேலையை இன்று பெரும்பாலும் லப்றடோர் செய்கிறது. சனக்கூட்டத்தில் கலங்காது, புதியவரோடு ஒத்துப்போகும், ஒரு துண்டு தீனிக்காக எதையும் படிக்கும் என்பதால்தான்.

அல்ஸ்வில்லில் குட்டிகளையும் அவர்களே பிறப்பிக்கிறார்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கண் திறந்த குட்டிகளுக்குச் சத்தங்களும், விதம்விதமான தரைகளும், ஆட்களும் பழக்கப்படுகின்றன. ஏறத்தாழ பத்து வாரத்தில் ஒவ்வொரு குட்டியும் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகிறது. அந்தக் குடும்பம் அதை ட்ராமிலும், சந்தையிலும், மின்படியருகிலும், பிள்ளைகள் நடுவிலும் கொண்டு திரிந்து உலகத்தைக் காட்டுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்தபின் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகே பள்ளியில் உண்மையான பயிற்சி. சப்பாத்தைக் கடித்ததிலிருந்து காய்ச்சல் வந்த இரவு வரை பார்த்து வளர்த்ததை, இன்னொருவரின் கண்ணாகப் போ என்று கையளித்துவிட்டு வெறும் கயிற்றோடு வீடு திரும்புகிறார்கள். விட்டுப் பிரிதல் என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் துரத்தப்படாமல், மனமறிந்து ஒருவருக்குப் பயன்படட்டும் என்று பிரிவது எங்களுக்கும் புதிய பாடம்தான்.

அங்கே நாய்களுக்குக் கட்டளை இத்தாலிய மொழியில். முன்னே போ என்பதற்கு 'அவான்ரி', வலம் 'டெஸ்த்ரா', இடம் 'சினிஸ்த்ரா'. நாலு மொழி பேசும் நாட்டில் நாய்க்கு ஒரு மொழி போதும். வழி தெரிந்தவர் மனிதர், நாய் அல்ல. நாய் நடைபாதை விளிம்பில் நிற்கும், படியைக் காட்டும், கதவைக் கண்டுபிடிக்கும், தடையைச் சுற்றிக் கொண்டு போகும். போ என்று சொன்னாலும் முன்னால் ஆபத்து இருந்தால் போகாது. ஆகவே வெள்ளைச் சேணம் பூட்டிய நாயைக் கண்டால் கூப்பிடவோ தொடவோ தீனி நீட்டவோ கூடாது. அது வேலையில் இருக்கிறது.

எம்மவர் வீடுகளிலும் பிள்ளைகள் இப்போது நாய்க்குட்டி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்குமுன் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். முதலில் வீட்டு ஒப்பந்தத்தை வாசித்து, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வருடாந்த நாய் வரி பல கெமைண்டகளில் 100 பிராங்குக்கு மேல். தோலுக்குக் கீழ் சிப் வைத்து, அமிக்கஸ் என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். சில கன்ரோன்களில் காப்புறுதியும் கட்டாயம். எல்லாவற்றிலும் பெரிய செலவு நேரம். இரண்டு பேரும் இரண்டு வேலை செய்யும் வீட்டில் லப்றடோர் தனியே கிடந்து குரைக்கும், முறைப்பாடு வரும். அது பன்னிரண்டு வருடமளவில் வாழும் உயிர்.

குட்டியை எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம். கீழ்வீட்டுக்காரர் தாய் நாயை இணை சேர்க்குமுன் இடுப்பும் முழங்கை மூட்டும் எக்ஸ்றே எடுத்து, கண் சோதித்து, குணச் சோதனையும் முடித்து, கழகத்தின் அனுமதி பெற்றார்கள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு வருத்தம் பரம்பரையாக வருவதுண்டு. 56 நாளுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது சட்டப்படி குற்றம். பாதி விலை என்று வெளிநாட்டிலிருந்து காரில் கொண்டுவந்து தரிப்பிடத்தில் கைமாற்றும் குட்டிகளை வாங்காதீர்கள். நோயும் பயமும் பிடித்த குட்டிக்கு மிச்சம் பிடித்த காசை மிருக வைத்தியரிடம் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டி வரும். 15 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை வியாபாரத்துக்காகக் கொண்டுவருவது 2025 பெப்ரவரி முதல் தடை. தாய் நாயைக் கண்ணால் காணாமல் குட்டியைத் தூக்காதீர்கள்.

நாய் வாங்காதவர்களும் பிள்ளைகளுக்கு நாலு விடயம் சொல்லிக்கொடுங்கள். நாயைக் கண்டு ஓடாதே, ஓடினால் அது துரத்தும். கையைக் கீழே விட்டு அசையாமல் நில். கண்ணுக்குள் பார்க்காதே. கேட்காமல் தொடாதே. ஒரேயொரு வசனம் பாடமாக்கட்டும்: 'டார்ஃப் இக் ஸ்ட்றைக்கெல்ன்?' தடவலாமா என்று அர்த்தம். சொந்தக்காரர் ஓம் என்றால் கழுத்தடியில் மெல்லத் தடவலாம். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நடக்கலாம். தாய் தகப்பனும் ஒரு 'குறுயெற்சி' சொல்லி, எங்களுக்கு நாய் பயம் என்று வாய்திறந்து சொல்லலாம். அநேகமானோர் உடனே கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பார்கள். வீதியின் மறுகரைக்குப் போவதைவிட அது இலகுவானது, இரண்டு பக்கத்துக்கும் மனஸ்தாபமும் மிச்சம்.