கூரை ஒழுகினால் இருமல் மருந்து போதாது



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் குளிரைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழே ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கும் நேரத்தில், இங்கே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. நம் மலையில் ராத்திரி அதற்கும் கீழேதான். கூரை ஒழுகாமல், சன்னல் சரியாகச் சாத்தினால் ஒரு கம்பளியோடு சமாளித்துவிடலாம். தகரம் ஓட்டையாகி, பலகை இற்றுப்போன வீட்டில் எத்தனை கம்பளி போர்த்தி என்ன பிரயோஜனம்?

முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 4 வயதுப் பையன். மாதம் இரண்டு தடவையாவது இழுப்பு வந்து தூக்கி வருவார்கள். மருந்து கொடுப்பேன், போவான், திரும்ப வருவான். ஒரு நாள் விடியற்காலையில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு பேருக்கும் தலைவலி, மயக்கம், வாந்தி. விசாரித்தால், குளிர் தாங்காமல் பால்மாவு டின்னில் கரி நெருப்புப் போட்டு, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஆலையில் இரவு வேலை முடிந்து வந்த தகப்பன் கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள்.

அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குணமாகித் திரும்பியதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். படுக்கிற அறைச் சுவரெல்லாம் கருப்பாகப் பூஞ்சணம். ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி. "ஏம்மா, இதை ஆபீசில சொல்லலையா?" என்று கேட்டேன்.

"வாடகையா குடுக்கிறோம், டிரசர் ஐயா? சும்மா குடுத்த வீடு. குறை சொல்லி, காலி பண்ணுன்னுட்டா எங்க போறது?"

திரும்பி வந்து லயப் பார்வைப் புத்தகத்தைப் புரட்டினேன். வாராவாரம் அந்த வீட்டு எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் "திருப்தி" என்று இருந்தது. வாசலையும் சாக்கடையையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். உள்ளே கால் வைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் இழுப்புக்கு நான் மருந்து கொடுத்தது உண்மை. காரணத்தைத் தேடாமல் விட்டதும் நான்தான்.

"சும்மா குடுத்த வீடு" என்ற நினைப்பு முதலில் நம் மனதைவிட்டுப் போக வேண்டும். அது உங்கள் உழைப்போடு சேர்ந்த வீடு. தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் போதிய அளவு கொடுக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. 2019-ல் திருத்தியபோதும் இந்தக் கடமை போகவில்லை. வாரம் ஒரு தடவை லயத்தைப் பார்வையிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஹீட்டர் வைத்துக் கொடு என்று அதில் இல்லை. ஆனால் கூரையும் சுவரும் சன்னலும் ஒழுங்காக இருந்தாலே பாதிக் குளிர் வெளியே நின்றுவிடும். பக்கத்து வீட்டு வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள். வீட்டு எண், எந்த இடத்தில் ஒழுகுகிறது, எப்போதிலிருந்து என்று மூன்று வரி போதும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமா? கிளைத் தலைவரிடம் கொடுங்கள். லயம் முழுவதற்கும் ஒரே கடிதமாகப் போகட்டும். ஒரு குடும்பத்தை மிரட்டுவது சுலபம். லயத்தையே காலி பண்ணச் சொன்னால் கொழுந்தை யார் எடுப்பது? அப்படியும் ரிப்பேர் நடக்கவில்லை என்றால் சங்கத்தின் மூலம் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

டிரசர் பார்வையிட வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, பூஞ்சணத்தைக் காட்டி, "இதையும் புத்தகத்தில எழுதுங்க ஐயா" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ரிப்பேர் ஆகும்வரை எவ்வளவு குளிரானாலும், அடைத்த அறைக்குள் கரி நெருப்பு வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிள்ளையை ஒழுகாத பக்கம் படுக்க வையுங்கள். ஈரத் துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள். வெயில் வந்ததும் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

இருமலுக்கு மருந்து என்னிடம் இருக்கிறது. கூரைக்கு மருந்து உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது.