செவப்பு எதுக்கு?

(கரிவலம்வந்தநல்லூர் மாணவி, இளம் அறிவியல் இரண்டாமாண்டு, வேதியியல்)

"ஏட்டி, படிக்கப் போற பிள்ளைக்கு இந்தச் செவப்பு எதுக்கு?"

கேட்டவர் எங்கள் ஆச்சி. என் கையில் இருந்ததோ மதுரைச் சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்த முழுப்பாவாடை. செக்கச்செவேலென்ற நிறம், அதில் வெண்புள்ளிகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அப்படிப்பட்டவள் கண்ணில் படாமல் போய்வர வேண்டும் என்று ஊரில் ஓர் எழுதாச் சட்டம் உண்டு. தோழியரே, இது நியாயந்தானா?

நிறத்தை மட்டும் பார்த்து நான் வாங்கிவிடவில்லை. மதுரையில் சௌராட்டிர மக்கள் வளர்த்த இக்கலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டுக்குள் சாயம் புகாது, அவிழ்த்தால் வெண்புள்ளி. ஆய்வகத்தில் படிப்பதைக் கடையிலும் காணலாம் அன்றோ! கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல் ஒன்று இராது, தடவினால் சிறு சுருக்கம் தட்டுப்படும். அச்சிட்டதோ வழவழவென்றிருக்கும். நான் வாங்கியது அச்சிட்டதுதான். மற்றதற்குக் கையில் காசு இல்லை. சேலை எழுநூறு, தையற்கூலி இருநூற்றைம்பது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த ஒரு மாதப் பணம் அப்படியே கரைந்தது. அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கியிருக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உடுத்தும் விதமும் முக்கியம். மேலே வேலைப்பாடில்லாத வெள்ளைச் சட்டை, காதில் சிறு தோடு, அவ்வளவே. சட்டையிலும் பூப்போட்டால் திருவிழாக் கடைதான்! தையற்கார அக்காவிடம் கெஞ்சி ஒரு பையும் வைத்துக்கொண்டேன். சோதனை வகுப்பு நாளில் மட்டும் இதை உடுத்துவதில்லை. விரிந்த பருத்தித் துணிக்கும் விளக்குச் சுடருக்கும் ஆகாது.

பேருந்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு வாரம் பாவாடையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்த வாரந்தான் ஆச்சியின் பழைய கண்டாங்கியைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம், பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணைப் பறிக்கும். வயற்காட்டுக்கு அதை உடுத்திப் போனவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். களை எடுத்தவளுக்குப் பொருந்திய நிறம், கணக்குப் போடுபவளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? அம்மனுக்குச் சாத்தும் பாவாடையில் வெளிர்நிறம் தேடுகிறோமா?

மறுநாளே உடுத்திக்கொண்டு வந்தேன். மாலையில் ஆச்சி மெல்லக் கேட்டார்: "அந்தச் சேலையில மிச்சத் துணி கெடக்கா? எனக்கு ஒரு சுருக்குப்பை தச்சுக் குடு."