ஸாஉ என்பது கிலோ அல்ல



நோன்பின் கடைசிப் பத்து வந்தால் போதும், ஊரில் கிலோச் சண்டை தொடங்கிவிடும். ஒரு பள்ளிவாசல் அறிவித்தலில் பித்ரா 2.4 கிலோ. அடுத்த தெருவில் 2.5. இன்னொரு தரப்பு 3 கிலோவுக்குக் குறைந்தால் நிறைவேறாது என்கிறது. வட்ஸ்அப் குழுக்களில் "உங்கட பித்ரா கூடாது" என்ற தீர்ப்பு வேறு. 100 கிராமுக்காக ஸலாம் சொல்வதை நிறுத்தியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

எல்லாத் தரப்பும் மறந்த விஷயம், ஸாஉ நிறை அல்ல, கனவளவு என்பது. நடுத்தரமான இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. ஹதீஸில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் வருகிறது, ஒரு ஸாஉ வாற்கோதுமையும் வருகிறது. இவை இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஒரே நிறை காட்டுமா? தானியத்துக்குத் தானியம் எடை மாறும், முகத்தலளவையே அடிப்படை என்று இமாம் நவவி அவர்களே எழுதியிருக்கிறார்கள். இது ஏதோ புது இயக்கத்தின் கண்டுபிடிப்பல்ல.

நம்ப முடியாவிட்டால் குசினிக்குப் போய்ப் பாருங்கள். 250 மில்லிலீற்றர் கோப்பையில் சீனி சுமார் 200 கிராம் வரும். அதே கோப்பையில் கோதுமை மா அரித்துப் போட்டால் 120 அளவில் நிற்கும், அமுக்கி அள்ளினால் 150ஐத் தொடும். கேக் அடித்து விற்கும் எங்கள் சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். "ஒரு கப் என்றால் இத்தனை கிராம்" என்று பொருளின் பெயர் இல்லாமல் சொன்னால் சிரிப்பார்கள். அரிசியிலும் அதே கதைதான். கீரிச் சம்பாவும் நாட்டரிசியும் ஒரே கொத்தில் ஒரே நிறை நிற்பதில்லை. கொத்தைத் தட்டி நிரப்புவது வேறு, சும்மா கொட்டி வழிப்பது வேறு. அடர்த்தி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது இதைத்தானே? பரீட்சைக்கு மட்டும்தானா அது?

நாம் பார்த்த எந்த அறிவித்தலிலும் எந்த அரிசியை நிரப்பி நிறுத்தார்கள் என்று இல்லை. வெறும் இலக்கம் மட்டும். அந்த இலக்கத்தின் மேல்தான் இவ்வளவு சண்டையும்.

கிலோவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடையில் அரிசி கிலோவில்தான் வாங்குகிறோம், பொதி கட்டவும் அதுதான் இலகு. ஆனால் குறைவாகப் போனால் யாருக்கு நட்டம்? ஆளுக்கு 100 கிராம் குறைந்தால் 6 பேர் உள்ள வீட்டுக்கு 600 கிராம். 500 வீடுகள் என்றால் 300 கிலோ. பெருநாள் காலையில் ஏழை வீட்டுப் பானைக்குப் போக வேண்டிய அரிசி அது. விவாதம் செய்யும் எவருடைய வீட்டிலும் அது குறையாது.

ஆகவே நிர்வாகிகளிடம் கேட்கிறோம். இந்த முறை பொதி கட்டுவதற்கு முன், வாங்கிய அதே அரிசி மூடையிலிருந்து ஸாஉப் பாத்திரத்தை நிரப்பி, மௌலவிமார் முன்னிலையில் தராசில் வையுங்கள். அரிசியின் பெயரையும் வந்த நிறையையும் சேர்த்து அறிவித்தல் பலகையில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டிப் போடுங்கள், குறைக்காதீர்கள். அரிசி மாறினால் திரும்பவும் நிறுங்கள். பத்து நிமிட வேலை. தராசு இல்லை என்றால் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறது, அதிபரிடம் கேட்டு நாங்களே கொண்டு வருகிறோம்.