எந்தப் புரதம்?

மட்டாஞ்சேரியின் மிளகு வணிகத்தில் தரம் சொல்லாமல் விலை பேசுவதில்லை. பதரும் காம்பும் தூசும் நீக்கப்பட்டனவா, ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கும் என்பவை தெரிந்த பிறகே பேரம். இந்தக் கண்டிப்பு உடலியங்கியல் ஆய்வேடுகள் பலவற்றில் இல்லை. எலியின் சிறுநீரில் புரதம் குறைந்தது, ஆகவே சிறுநீரகம் காக்கப்பட்டது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். எந்தப் புரதம், எலி ஆணா பெண்ணா, அதன் வயது என்ன என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

இது சிறு குறையன்று. முதிர்ந்த ஆண் எலி நோய் ஏதுமின்றியே சிறுநீரில் புரதம் கழிக்கும் உயிர். அதில் பெரும்பங்கு ஆல்பா-2யு-குளோபுலின். 1966இல் ராயும் நியூஹவுஸும் இனங்கண்ட இப்புரதத்தை ஆக்குவது கல்லீரல். சிறு மூலக்கூறு ஆதலால் நலமான சிறுநீரக வடிகட்டியையும் அது எளிதில் கடந்துவிடும். பெண் எலியின் சிறுநீரில் அது மிகச் சொற்பம்; மனிதரிடம் அறவே இல்லை. அதனால்தான், இப்புரதம் தேங்குவதால் ஆண் எலிக்கு உண்டாகும் சிறுநீரகக் கட்டிகளை மனிதருக்கான ஆபத்தின் சான்றாகக் கொள்ளலாகாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991இல் முடிவு செய்தது.

அட்ரினல் ஹார்மோன்களைப் பற்றிய வாதம் சறுக்கும் இடமும் இதுவே. அட்ரினல் சுரப்பிகளை அகற்றினால் எலியின் புரத இழப்பு குறையும் என்பது 1950ஆம் ஆண்டளவிலேயே தெரிந்த செய்தி. ஆனால் ஆல்பா-2யு-குளோபுலினை ஆக்குவதற்குக் கல்லீரலுக்கு ஆண் ஹார்மோனோடு அட்ரினல் தரும் குளுக்கோகார்ட்டிகாய்டும் வேண்டும் என்று ஃபீகல்சன் குழுவினர் 1970களில் காட்டினர். சுரப்பியை எடுத்தால் கல்லீரலின் ஆக்கமே தளர்கிறது. ஊற்று வற்றியதைக் கண்டு, மதகு செப்பனிடப்பட்டது என்று பறைசாற்றுவது எவ்வகை அறிவியல்?

அப்படியானால் எலி ஆய்வே வீண் என்பாரும் உளர். அதுவும் பிழை. 1996இல் கிரீன், கிரென், ஹோஸ்டெட்டர் ஆகியோர் சிறுநீரகத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்ட எலிகளுக்கு லோசார்டான், எனலாபிரில் ஆகிய மருந்துகளைக் கொடுத்தனர். புரத இழப்பு தணிந்தது. அதே மருந்துகளோடு ஆல்டோஸ்டிரோனைச் செலுத்தியதும் இழப்பு மீண்டது. அவர்கள் சிறுநீரோடு நின்றுவிடவில்லை. வடிகட்டும் நுண்முடிச்சுகளில் விழுந்த வடுவையும் அளந்தனர். அத்தகைய ஆய்வுகள் இட்ட பாதையில்தான், ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியைத் தடுக்கும் ஃபினெரெனோன் 5,000க்கும் மேற்பட்ட நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2020இல் பயன் மெய்ப்பிக்கப்பட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் ஆபத்தும் அச்சோதனையிலேயே பதிவாயிற்று.

இங்கே பணயம் பட்டம் மட்டுமன்று. "எலியில் நிரூபிக்கப்பட்டது" என்ற ஒரு வரியை நம்பி, நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவர் தந்த மாத்திரையை விட்டுக் கஷாயத்துக்கு மாறக்கூடும். அவர் இழக்கும் சிறுநீரகத்தை எந்தத் திருத்தக் குறிப்பும் மீட்டுத் தராது.

ஆகவே அல்புமினைத் தனியே அளக்க வேண்டும். இரு பால் எலிகளையும் சோதிக்க வேண்டும். சுரப்பி அகற்றிய எலிக்கு ஹார்மோனை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். திசுவையும் நுண்ணோக்கியில் காண வேண்டும். இவை இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்திடும் நெறியாளரும், கேள்வி கேட்காமல் கைதட்டும் தேர்வாளரும் பிழையில் பங்காளிகளே. வாய்மொழித் தேர்வின் முதற்கேள்வி இரண்டே சொற்களில் அமையட்டும்: எந்தப் புரதம்?