சிறிய கலாசாலையும் ஜீவசாஸ்திரப் படிப்பும்

ஒவ்வோராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவு வெளியானவுடன் ஓர் அபிப்பிராயம் நாடெங்கும் உலவத் தொடங்குகிறது. வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைக்காதவனே ஜீவசாஸ்திர பி.எஸ்ஸி. வகுப்பில் சேருகிறான், அதிலும் பெரிய நகரத்துக் கலாசாலையில் இடம் கிடைக்காதவனே சிற்றூர்க் கலாசாலையை நாடுகிறான் என்பதே அது. பெற்றோர் இதை நம்புகின்றனர். உபாத்தியாயர்களிலும் சிலர் நம்புகின்றனர். மாணாக்கனே இதை நம்பிவிடுகிறான் என்பதுதான் எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது. தோற்றுவிட்டோம் என்ற நினைவுடன் வகுப்பில் வந்து உட்காருகிறவன் மூன்று வருஷத்தில் எதைத்தான் கற்றுவிடப் போகிறான்? இவ்வபிப்பிராயம் அடிப்படையில் தவறானது என்பதையும், அதை உண்மைபோல் ஆக்கிவைத்திருப்பவை நமது ஏற்பாடுகளே என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் சாக்ஷியத்தைப் பார்ப்போம். ஆர்.என்.ஏ. என்னும் பொருள் உயிரணுவில் செய்யும் வேலையைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1989-ல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக், அயோவா ராஜ்யத்திலுள்ள கிரின்னல் கலாசாலையில் பட்டம் பெற்றவர். ஜீன்களைத் திருத்தும் முறைக்காக 2020-ல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிஃபர் டவுட்னா அம்மையார், கலிபோர்னியாவின் பொமோனா கலாசாலையில் பயின்றவர். இவ்விரு ஸ்தாபனங்களிலும் படிப்போர் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. இவற்றின் சிறப்புக்குக் காரணம் ஆழ்ந்த மர்மம் ஒன்றுமில்லை. அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஆராய்ச்சி மாணாக்கர் இல்லை. ஆகவே, ஆசிரியர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினால் அவருக்குத் துணைநிற்க வேண்டியவன் பி.ஏ. வகுப்பு மாணாக்கனே. பெரிய சர்வகலாசாலையில் கடைசி வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவன், சிறிய கலாசாலையில் ஆசிரியரின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான். சிறுமையே அங்கு வசதியாகிவிடுகிறது.

இவ்வுண்மையைப் பலருக்கும் பயன்படுத்த ஒரு முயற்சி 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிற்று. ஹவர்டு ஹ்யூஸ் வைத்திய ஸ்தாபனம், பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லுடன் சேர்ந்து முதலாண்டு மாணாக்கருக்கென்றே ஒரு பாடத்தை வகுத்தது. அப்போது அந்த ஸ்தாபனத்தின் தலைவராயிருந்தவர், முன்னே நாம் குறிப்பிட்ட தாமஸ் செக்கேயாவார். மாணாக்கன் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ வீதியோரத்திலிருந்தோ ஒரு பிடி மண்ணைக் கொண்டுவர வேண்டும். க்ஷயரோகக் கிருமிக்கு உறவானதும் தீங்கு செய்யாததுமான ஒரு பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, அதைக் கொல்லும் பேஜ் என்னும் நுண்ணுயிரை அம்மண்ணிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அதைச் சுத்தி செய்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதன் உருவத்தைப் பார்த்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, அடுத்த பருவத்தில் அதன் ஜீன்களைக் கணக்கிட வேண்டும். கண்டெடுத்த பேஜுக்குப் பெயரிடும் உரிமையும் மாணாக்கனுடையதே. முதலில் பன்னிரண்டு கலாசாலைகளில் தொடங்கிய இப்பாடம் இன்று நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளில் நடைபெறுகிறது.

இது வெறும் விளையாட்டல்லவா என்று கேட்போருக்கு ஒரு செய்தியைச் சொல்லுகிறோம். லண்டனில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு 2017-ல் இரண்டு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. பின்னர், எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமி அவள் உடலெங்கும் பரவிற்று. வைத்தியர்கள் கைவிரிக்கும் நிலை வந்தது. அப்போது பிட்ஸ்பர்க்கின் பேஜ் சேகரத்திலிருந்து மூன்று பேஜுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2018-ல் அவளுக்கு ஏற்றப்பட்டன. புண்கள் ஆறின, ஈரலின் நிலைமை சீரடைந்தது, தோலில் எழுந்திருந்த கட்டிகள் பெரும்பாலும் மறைந்தன. இவ்விவரம் 1919-ன் கதையன்று. 2019-ல் சாஸ்திரப் பத்திரிகையில் வெளிவந்தது. அம்மூன்றில் மிகவும் உதவிய பேஜ் எங்கிருந்து வந்தது? 2010-ல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காய் ஒன்றிலிருந்து எடுத்தது அது. டர்பனிலுள்ளது பெரிய சர்வகலாசாலைதான். ஆனால், அழுகிய கத்தரிக்காய்க்குப் பெரிய கலாசாலை, சிறிய கலாசாலை என்ற பேதம் ஏது?

இதை நாம் மிகைப்படுத்தவில்லை. ஒரு நோயாளியின் கிருமியைக் கொல்லும் பேஜ், அதே ஜாதிக் கிருமி பீடித்த வேறொருவருக்குப் பயன்படாமலும் போகலாம். க்ஷயரோகத்துக்கு இன்று கைகண்ட மருந்து இதுவே என்று சொல்லுவதும் பிசகு. நாம் வற்புறுத்துவது ஒன்றே. முன்பின் அறியாத ஒன்றை முதல்வனாகக் கண்டறியும் வேலையைப் பதினெட்டு வயது மாணாக்கனிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் அவன் செய்கிறான். 1896-ல் கங்கை, யமுனை ஆகியவற்றின் நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோவொரு சக்தி இருப்பதாக ஆக்ராவிலிருந்து ஹான்கின் என்பவர் எழுதினார். நமது ஆறும் மண்ணும் அன்றுமுதல் இங்கேயே இருக்கின்றன. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினர் வாழும் தேசமும் நம்முடையதே. நமது மாணாக்கனுக்கு ஆராய விஷயம் இல்லை என்று எவரே சொல்லத் துணிவர்?

இனி நம் நாட்டு நிலைமை. நம்முடைய சிறிய கலாசாலை தன் பாடத்தைத் தானே வகுப்பதில்லை. தாய்ச் சர்வகலாசாலை பாடத்தை வகுக்கிறது. கேள்வித்தாளையும் அதுவே அனுப்புகிறது. ஆய்வுக்கூடத்தில் முடிவு முன்பே தெரிந்த பரிசோதனையை மாணாக்கன் செய்கிறான், ரிக்கார்டு நோட்டில் சென்ற வருஷத்தான் வரைந்த படத்தைப் பார்த்து வரைகிறான், கையெழுத்து வாங்குகிறான். பிராணிகளை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை 2014-ல் சர்வகலாசாலை மானியக் குழு நிறுத்திவிட்டது. கருணையை உத்தேசித்துச் செய்த அதை நாம் குறைகூறவில்லை. ஆனால், அதனால் கிடைத்த நேரத்தைச் சுவரில் தொங்கும் படத்தைக் காட்டிக் கழிப்பதா, குளத்து நீரையும் வயல் மண்ணையும் மேஜைமேல் வைத்து ஆராய்வதா என்பதே கேள்வி.

பணம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்கலாம். ஒரு பேஜைப் பிரித்தெடுக்க வேண்டியவை மண், தட்டு, அகர், சூட்டுப்பெட்டி, கிருமிநீக்கும் கருவி ஆகியவையே. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டியதில்லை. பத்துக் கலாசாலைகள் சேர்ந்து, அருகிலுள்ள பெரிய ஸ்தாபனத்தின் உதவியைப் பெறலாம். இந்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்ப இலாகாவும், கலாசாலைகளின் பட்டவகுப்பு ஆய்வுக்கூடங்களுக்கென்று அதே 2008-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பணமும் பேஜும் இல்லாமலே செய்யத்தக்கவையும் உண்டு. திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கலாசாலையில் 1967-ல் ஏற்பட்ட ராபினாட் உலர்தாவரச் சாலையிலிருந்து கே. எம். மேத்யூ பாதிரியார் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பிரதேசத்தின் செடிகொடிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். காலால் நடந்து, கையால் பறித்து, கண்ணால் பார்த்துச் செய்த வேலையே அதற்கு ஆதாரம்.

உண்மையான தடை வேறு. வாரத்தில் பெரும்பகுதி வகுப்பெடுத்து, மிகுந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தி, எஞ்சியதில் சர்க்கார் பாரங்களைப் பூர்த்தி செய்யும் உபாத்தியாயரிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமன்று. நிரந்தர வேலையின்றிக் குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்காண்டு காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் எதிர்பார்ப்பது அதனினும் அநியாயம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. பட்டவகுப்பில் ஒரு பருவமேனும், விடை எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியை மாணாக்கன் ஆராய்வதற்குச் சர்வகலாசாலைகள் பாடத்திட்டத்தில் இடம் விட வேண்டும். அதற்குரிய மதிப்பெண்ணையும் மனப்பாடத்துக்கு அளிக்காமல் வேலைக்கே அளிக்க வேண்டும். அவ்வேலையை மேற்பார்க்கும் ஆசிரியருக்கு அந்நேரத்தை வகுப்பு நேரமாகவே கணக்கிட வேண்டும். காலியாயுள்ள ஆசிரியர் பதவிகளை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். முதலிரண்டுக்கும் பெருஞ்செலவில்லை, மூன்றாவதற்குச் செலவுண்டு, அதைச் சர்க்கார் ஏற்றே தீரவேண்டும்.

கல்வியைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நமது அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஜில்லாவில் புதிதாக ஒரு கலாசாலை வேண்டுமென்று கோரிக்கை எழுப்புகிறீர்கள், நன்று. இருக்கும் கலாசாலையின் ஆய்வுக்கூடத்துக்குள் ஒருநாள் சென்று, அங்கே எத்தனை மைக்ராஸ்கோப் வேலை செய்கிறது, எத்தனை ஆசிரியர் பதவி காலியாயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைச் சட்டசபையில் கேள்வியாக எழுப்பச் செய்யுங்கள். இவ்வாண்டு அவ்வகுப்பில் சேர்ந்திருக்கும் பையனும் பெண்ணும் தோற்றவர்களல்லர். அவர்களைத் தோற்கவிடாதிருப்பது நமது கடமை.