வெற்றி மட்டும் போதுமா?

ஓர் அணியின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் முதலில் தேடுவது அதன் பெறுபேறுகளைத்தான். எத்தனை போட்டிகள்? எத்தனை வெற்றிகள்? இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் தோன்றிய 'டிக் கேர் லேடீஸ்' என்ற பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பெறுபேறுகள் எவரையும் வியக்க வைப்பவை. 1917 முதல் 1965 வரை 800க்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடி, 750க்கும் அதிகமானவற்றில் அக்கழகம் வென்றது. தோல்விகள் முப்பதைக்கூட எட்டவில்லை. ஆயினும் இதனை ஒரு வெற்றிக் கதை என்று என்னால் கூற முடியவில்லை. திறமை இருந்தால் எல்லாம் தானாக வந்துசேரும் என்று நம்பும் நாம் அனைவரும் அறிய வேண்டிய கதை இது.

முதலாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளில் அவர்களது இடத்தைப் பெண்கள் நிரப்பினர். டிக் கேர் தொழிற்சாலையில் போர்த்தளபாடங்கள் செய்த பெண்கள், ஓய்வு நேரத்தில் பந்து விளையாடத் தொடங்கினர். 1917 நத்தார் தினத்தன்று, காயமுற்ற படைவீரர்களுக்கு நிதி சேர்ப்பதற்காக டீப்டேல் மைதானத்தில் ஆடிய போட்டியில் 4-0 என்று வென்றனர். பார்க்க வந்தவர்கள் சுமார் 10,000 பேர்.

மூன்றே ஆண்டுகளில், 1920 டிசெம்பரில், லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர் திரண்டனர். இடமின்றி வெளியே நின்றவர்களும் ஆயிரக்கணக்கானோர். அன்றும் 4-0 வெற்றிதான். 3,000 பவுணுக்கு மேல் தர்மநிதி சேர்ந்தது. அணியின் நட்சத்திரமாகத் திகழ்ந்த லிலி பாருக்கு அப்போது வயது பதினைந்து.

மறு ஆண்டே, 1921 டிசெம்பர் 5 அன்று, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இவ்விளையாட்டு பெண்களுக்குச் சற்றும் பொருத்தமற்றது. ஆகவே சங்கத்தில் அங்கம் வகிக்கும் கழகங்கள் தமது மைதானங்களைப் பெண்களின் போட்டிகளுக்கு வழங்கக் கூடாது. சேர்ந்த நிதியில் பெரும்பகுதி செலவுக்கே போகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்க்கப்பட்டது. விளையாட்டு பெண்ணுடலுக்குக் கேடு என்று கூறவும் சில வைத்தியர்கள் இருந்தனர்.

'அது அந்தக் காலத்து எண்ணம்' என்று சிலர் சமாதானம் கூறலாம். அதை நான் ஏற்கவில்லை. அதே பெண்கள் போர்க்காலத்தில் நாள் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்தபோது, உடல் தாங்காது என்று அவர்களைத் தடுத்தவர் யார்? நாட்டுக்குத் தேவைப்பட்டபோது வலிமையாய் இருந்த உடல், பந்தைத் தொட்டதும் மென்மையாகிவிட்டதா? தடைக்குக் காரணம் அவர்களது பலவீனம் அல்ல. அவர்களைப் பற்றிய தீர்மானத்தை எடுத்த சபையில் அவர்களுக்காகப் பேச ஒரு பெண்கூட இருக்கவில்லை. அந்த இடத்தை எத்தனை கோல்களாலும் நிரப்ப முடியவில்லை.

அவர்கள் விளையாட்டை விட்டுவிடவில்லை. 1922இல் அமெரிக்கா சென்று ஆண்கள் அணிகளோடு மோதினர். நாடு திரும்பியும் கிடைத்த வெளிகளில் ஆடினர். ஆனால் பெரிய மைதானங்கள் மூடியே கிடந்தன. தடை 1971 வரை நீடித்தது. கழகமோ 1965இலேயே கலைந்துவிட்டது. சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். லிலி பார் 1978இலேயே காலமாகிவிட்டார்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011இல் ஈரான் பெண்கள் அணி, தலையை மறைத்து அணிந்த உடையின் காரணமாக, ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆட அனுமதிக்கப்படவில்லை. பாதுகாப்பு என்பதே அந்த விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். வீராங்கனைகளுக்காகத் தொடர்ந்து குரல் எழுப்பப்பட்ட பின், 2014இல் ஹிஜாப் முறையாக அனுமதிக்கப்பட்டது. 1921இலும் 2011இலும் 'உங்கள் நன்மைக்கே' என்றுதான் கதவு மூடப்பட்டது. திறந்தது, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் செவிமடுக்கப்பட்ட பின்னரே.

தோழியரே, நன்றாக விளையாடுவோம், நன்றாகப் படிப்போம். அத்துடன், தீர்மானங்கள் எழுதப்படும் இடங்களுக்கும் செல்ல நம்மைத் தயார்செய்வோம். விளையாட்டு வீராங்கனைகள் மட்டுமன்றி, நடுவர்களும் பயிற்றுநர்களும் வைத்தியர்களும் நிர்வாகிகளும் நம்மிலிருந்து உருவாக வேண்டும்.

அன்பான பெற்றோரே, 'இது உனக்குச் சரிவராது' என்று கூறும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் அக்கறையையும் நாங்கள் அறிவோம். எங்களது வேண்டுகோள் ஒன்றுதான். அந்த முடிவுக்கு வருவதற்கு முன், ஒரு தடவை எங்களிடமும் கேளுங்கள்.