லேடி ஸ்னோபிளட்: 'கில் பில்'லுக்கு அம்மா மட்டும்தானா?

(எச்சரிக்கை: முடிவு உட்பட முழுக்கதையும் இங்கே சொல்லப்பட்டிருக்கிறது. 1973-ல் வந்த படம், இதற்கு மேலும் ரகசியம் காப்பது கஷ்டம்.)

லேடி ஸ்னோபிளட் பற்றிப் பேச்செடுத்தாலே நாலு பேர் ஓடி வந்து, "ஓ, டாரண்டினோ சுட்ட படம்தானே!" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். வெள்ளை கிமோனோ, பனித்தோட்டம், அத்தியாயத் தலைப்புகள் என்று ஒரு பட்டியல் வரும். லூசி லியூ பனியில் சாயும்போது ஒலிக்கும் பாட்டு கூட இந்தப் படத்துப் பாட்டுதான், பாடியவரும் இதன் கதாநாயகி மெய்கோ காஜியேதான் என்ற தகவல் கடைசியில் வரும். எல்லாம் உண்மை. ஆனால் எதைச் சுட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள், எதைச் சுடாமல் விட்டார் என்று பார்ப்பதே இல்லை. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இயக்குநர் தோஷியா ஃபுஜிதா. மூலக்கதை கசுவோ கொய்கே எழுதி கசுவோ கமிமுரா வரைந்த மாங்கா. காலம் மெய்ஜி ஆட்சி. 1873-ல் கட்டாய ராணுவச் சேவை வருகிறது. அரசு அறிவிப்பில் இருந்த 'ரத்த வரி' என்ற சொல்லைக் கேட்டு, நிஜமாகவே ரத்தத்தை உறிஞ்சப் போகிறார்கள் என்று கிராமங்கள் மிரண்டு கலவரம் செய்தது வரலாறு. படத்தில் அந்தப் பயத்தை நாலு பேர் காசாக்குகிறார்கள். வெள்ளை உடையில் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை அரசாங்க ஆள் என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்கள். சிறுவனான மகனும் தப்பவில்லை. மனைவி சாயோ, நால்வரில் ஒருவனைக் கொன்றுவிட்டு சிறைக்குப் போகிறாள். மீதி மூவரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காகவே காவலர்களோடு படுக்கிறாள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்தாள், பிறந்தது பெண். யூகி, அதாவது பனி.

"பெண் கையில் கத்தியைக் கொடுத்து ஆண் மாதிரி வெட்ட விட்டால் பெண் விடுதலையா?" என்று கேட்கும் கோஷ்டி ஒன்று உண்டு. நல்ல கேள்விதான், ஆனால் தப்பான விலாசத்துக்கு வந்திருக்கிறது. யூகிக்கு விடுதலை கிடைத்ததாக இந்தப் படம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. பிறக்கும் முன்பே அவளுக்கு வேலை ஒதுக்கியாகிவிட்டது. குழந்தையைப் பீப்பாயில் அடைத்து மலைச்சரிவில் உருட்டிவிட்டுப் பயிற்சி தருகிறார் ஒரு துறவி. (அந்தப் பாட்டின் தலைப்பில் வரும் 'ஷுரா' வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன நம்ம அசுரர்தான்.) தாயின் கடன், மகளின் தலையில்.

இதற்கு நேரெதிராக இன்னொரு கோஷ்டி: "ரத்தம் பெயிண்ட் மாதிரி இருக்கு, செம காமெடி" என்று சிரித்துக்கொண்டே பார்ப்பவர்கள். ரத்தம் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சி அடிப்பது வாஸ்தவம். ஆனால் மெய்கோ காஜியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சிரிக்க முடியாது. வசனமே இல்லாத காட்சிகளில் கூட அந்த முகம் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. குடைக்கம்புக்குள்ளிருந்து கத்தி உருவப்படும்போது விசில் அடிக்கத்தான் தோன்றும். தாராளமாக அடிக்கலாம், அதற்காகத்தான் எடுத்திருக்கிறார்கள். ரசிப்பதற்கு வெட்கப்பட்டு 'கிண்டலாகத்தான் பார்த்தேன்' என்று சொல்வதுதான் அசிங்கம்.

ஏனென்றால் அந்த விசிலுக்கு ஃபுஜிதா பில் போட்டு வைத்திருக்கிறார். பில்லின் பெயர் கோபுவே.

நால்வரில் ஒருவனான பான்ஸோவின் மகள் அவள். யூகி தேடி வரும்போது அவன் வில்லனாகவே இல்லை. நோயும் குடியும் சூதாட்டமுமாக இற்றுப்போன கிழவன். மூங்கில் பொருள் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு, உடலை விற்று அப்பாவைக் காப்பாற்றுகிறாள் அந்தப் பெண். கெஞ்சக் கெஞ்ச அவனைக் கடற்கரையில் வெட்டிச் சாய்க்கிறாள் யூகி. அப்போதும் நம் கை விசிலுக்குத்தான் போகிறது.

கில் பில்லிலும் ஒரு சிறுமி தாயின் சாவைப் பார்க்கிறாள். பெரியவளானதும் ஆத்திரம் மிச்சமிருந்தால் வா, காத்திருக்கிறேன் என்கிறாள் உமா தர்மன். அருமையான வசனம். ஆனால் இரண்டு பாகம் முடிந்தும் அந்தச் சிறுமி வரவில்லை. டாரண்டினோ எழுதிக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலை அது.

ஃபுஜிதா ரொக்கமாகவே கொடுத்துவிடுகிறார். ரொகுமெய்கான் மாளிகையின் முகமூடி நடனத்தில் கடைசி எதிரியையும் முடித்துவிட்டு, குண்டடிபட்டு வெளியே பனியில் தள்ளாடி வருகிறாள் யூகி. அங்கே கோபுவே காத்திருக்கிறாள். பயிற்சி கிடையாது, துறவி கிடையாது, குடைக்குள் கத்தி கிடையாது. கையில் ஒரு சின்னக் கத்தி, ஒரே குத்து. தாய்க்காக யூகி செய்ததை அப்பாவுக்காக அவளும் செய்கிறாள். அந்த இடத்தில் மட்டும் யாரும் விசில் அடிப்பதில்லை.